நூற்றுப் பதினாலிலிருந்து ஒரு சொல்

என் அத்தையை அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் ஜீரோ. கட்டடத்தின் எந்த போனிலிருந்தும் பூஜ்யத்தைச் சுழற்றினால் அவள் குரல் வரும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெரிய டாக்டர்கள் "ஜீரோவைக் கேளு" என்பார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் மரியாதையாக "ஜீரோ மேடம்" என்பார்கள். அத்தை கோபித்துக்கொண்டதில்லை. "ஜீரோவைத் திருப்பிப் போட்டாலும் ஜீரோதான். யாராலயும் என்னைக் குறைக்க முடியாது" என்பாள்.

அவள் என் அப்பாவின் தங்கை. இரண்டு மூன்று வரன்கள் வந்து தட்டிப்போன பிறகு கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை; எங்களோடுதான் இருந்தாள். இருபத்து நாலு வயதில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். மூன்றாவது மாடியின் கோடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவரோரம் நூற்றைம்பது துளைகள் வைத்த பலகை. ஒவ்வொரு துளைக்கு மேலும் கடுகளவு விளக்கு. விளக்கு எரிந்தால் ஒயரின் முனையை அந்தத் துளையில் செருகி, "எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருஷம் சொன்னாள். வீட்டில் கதவைத் தட்டினாலும் அதேதான் வாயில் வரும். பால் போடுகிறவர் ஒருமுறை அசந்துபோய், "நூற்றுப் பன்னிரண்டு கொடுங்க" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்.

சேர்ந்து இரண்டாவது மாதம் அது நடந்தது. ஓர் அறுவை சிகிச்சை டாக்டர் ரத்த வங்கியைக் கேட்டிருக்கிறார். அத்தை அவசரத்தில் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டாள். டாக்டர் திரும்பக் கூப்பிட்டு, மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை என்பதில் தொடங்கி ஐந்து நிமிஷம் விளாசியிருக்கிறார். அவர் வைத்ததும் நூற்றுப் பதினாலாம் விளக்கு எரிந்தது. அது தரைத்தளத்துக்கும் கீழே இருந்த லாண்டரி. மருத்துவமனையின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாம் அங்கேதான் துவைத்துக் காயும். பேசியது லாண்டரியின் பொறுப்பாளர், முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி. சலவைச் சோடா கம்பெனி நம்பர் கேட்கக் கூப்பிட்டவர், அத்தை மூக்கை உறிஞ்சியதைக் கேட்டுவிட்டார்.

"அழறீங்களா?"

"இல்லைங்க. ஜலதோஷம்."

"யாரு திட்டினா?"

அத்தை மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, சொல்ல வேண்டாம். ஒருத்தர் உங்களை வைது வெச்சிருக்காரு. வைது. அந்த வார்த்தையைப் பின்னாலேருந்து படிங்க."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனத்துக்குள் எழுத்தெழுத்தாகத் திருப்பினாள். "துவை" என்றாள்.

"அவ்வளவுதான். துவைச்சுப் போடுங்க. பத்து வருஷமா இங்க இருக்கேன். போகாத கறை ரொம்பக் கொஞ்சம்."

அத்தை சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து பலகையில் ஏழெட்டு விளக்குகள் எரிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழே காலுக்கு நூற்றுப் பதினாலு எரிந்தது. "கைதி" என்றது குரல். நம்பர் கேட்கவில்லை. அத்தை ஒரு கணம் யோசித்து, "திகை" என்றாள். "பரவாயில்லையே" என்று சொல்லி வைத்துவிட்டார் லாண்டரி அக்கா. இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒருவர் ஒரு சொல் கொடுக்க வேண்டும், மற்றவர் திருப்ப வேண்டும். எப்படிப் படித்தாலும் பொருள் இருக்க வேண்டும் என்பது விதி.

தமிழில் இது லேசுப்பட்ட காரியமில்லை. 'ம்'மில் முடிகிற சொல்லைத் திருப்பினால் 'ம்'மில் தொடங்கும். வாயைத் திறக்கவே வழியில்லை. 'டு'வில் முடிந்தாலும் 'ரை'யில் முடிந்தாலும் ஆகாது. அந்த எழுத்துகளில் நம் சொற்கள் தொடங்குவதில்லை. ஆயிரம் சொல்லைப் புரட்டினால் ஒன்று தேறும். சில வாரம் ஒன்றுகூடக் கிடைக்காது. அப்போதும் ஏழே காலுக்கு விளக்கு எரியும். "இன்னிக்குக் கடை காலி" என்பார் அக்கா. "எங்க கடையிலயும் ஒண்ணும் இல்லை" என்பாள் அத்தை. ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகவே ஒருவர் கூப்பிட ஒருவர் காத்திருந்தார்கள்.

ஒரே கட்டடத்தில் இருந்தும் எட்டு மாதம் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அத்தைக்குக் கூச்சம். குரலுக்குள் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. முகத்தோடு போய் நிற்பது என்னவோ மாதிரி இருந்தது. கடைசியில் அக்காதான், "மாடிப்படி எல்லாருக்கும் பொது. நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டாவது மாடித் திருப்பத்துக்கு வா. நான் பாதி ஏறறேன், நீ பாதி இறங்கு" என்றார். அதுவரை 'நீங்க', அன்றிலிருந்து 'நீ'. அத்தை போனாள். மெலிந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டு போனவளுக்கு முன்னால், படியின் அகலத்துக்கு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கைகள் இரண்டும் சோடாவில் ஊறி வெளுத்து, விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்து போயிருந்தன. "ஏமாந்துட்டியா?" என்று கேட்டார். "குரலுக்கு இவ்வளவு பெரிய பெட்டி இருக்கும்னு நினைக்கலை" என்றாள் அத்தை. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அக்கா கவிதை எழுதுகிறவர் என்பது அத்தைக்கு அன்றுதான் தெரிந்தது. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகனைப் படிக்க வைத்துக்கொண்டு, இஸ்திரி மேசையின் மேல் காகிதத்தை வைத்து எழுதி, சிறு பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அத்தை அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஒற்றை அறை. வீட்டிலும் அதே மாதிரி ஓர் இஸ்திரி மேசை. அதன் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் இவள். நடுவில் நீளமான ஒரு நோட்டு. இடது பக்கம் அக்காவுக்கு, வலது பக்கம் அத்தைக்கு. அக்கா இரண்டு வரி எழுதி ஒரு சொல்லில் நிறுத்துவார். அத்தை அந்தச் சொல்லைத் திருப்பி, அதில் முடிகிற மாதிரி இரண்டு வரியில் பதில் எழுத வேண்டும். அக்கா ஒருமுறை இப்படி எழுதினார்:

*உப்பும் நீரும் உடுப்பும் போதும்*
*உனக்கு வேறென்ன தேவை*

அத்தை வலது பக்கத்தில் எழுதினாள்:

*அம்மா அன்பைக் காட்டிய தெல்லாம்*
*அனுதினம் என்னை வைதே*

அக்கா அதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாராம். இன்னொரு ஞாயிறு அவர் எழுதியது லாண்டரி வேலையைப் பற்றி:

*ஒட்டிக் கிடக்கும் ஈரத் துணியின்*
*ஓரம் பிடித்துத் திருகு*

அதற்கு அத்தையின் பதில்:

*யாருடைய தென்று தெரியாமல் போகும்*
*நீரில் கரைந்து குருதி*

"நீ லாண்டரிக்கு வந்ததே இல்லை. இதை எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டார் அக்கா. "நீங்க குடுத்த வார்த்தைக்குள்ளேதான் இருந்தது" என்றாள் அத்தை. அவளைப் பொறுத்தவரை அது அடக்கத்துக்காகச் சொன்னதில்லை. தன் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெறுமானம் இருப்பதாக அவள் நினைத்தே பார்த்ததில்லை.

எட்டு வருஷத்தில் நோட்டு நிரம்பியது. அந்தச் சிறு பத்திரிகைக்காரரே அதைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று வந்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொன்னார். "உன் பேரையும் போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க்கா. நான் திருப்பித்தானே போட்டேன். எழுதினது நீங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

இன்னொரு தடவை கேட்பார் என்று அத்தை காத்திருந்தாள். அடுத்த ஞாயிறு கேட்பார், அச்சுக்குப் போகும் முன் கேட்பார் என்று இருந்தாள். அக்கா கேட்கவில்லை. புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு பெயர். முதல் பக்கத்தில் அச்சகத்துக்கும் அட்டை வரைந்தவருக்கும் மகனுக்கும் நன்றி. மருத்துவமனையின் எந்த மாடிக்கும் நன்றி இல்லை. அத்தை அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அந்தப் புத்தகத்துக்கு ஒரு விருது கிடைத்தது. நூலக மாடியில் விழா. அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஐந்து வயது. நாற்காலிகள் மடக்குகிறவை என்பதும் என் விரல் ஒன்றில் மாட்டியது என்பதும்தான் எனக்கு நினைவு. மீதியை அத்தை பிறகு சொன்னாள். தலைமை வகித்த பேராசிரியர் புத்தகத்தை விரித்து, "இந்தத் தொகுப்பின் உச்சம் என்று இரண்டு வரிகளைச் சொல்வேன்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். யாருடைய தென்று தெரியாமல் போகும், நீரில் கரைந்து குருதி. கூட்டம் கைதட்டியது. அத்தை மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளுக்கு உடம்பு முழுக்க ஜிவ்வென்று இருந்ததாம். இப்போது அக்கா எழுந்து சொல்வார், இந்த வரி என் தங்கச்சியுடையது, அதோ உட்கார்ந்திருக்கிறாள் என்று. தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். என் கையை விட்டுவிட்டு எழுந்து நிற்கத் தோதாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அக்கா ஏற்புரை சொன்னார். சலவைத் துணியைப் பற்றிச் சொன்னார், மகனைப் பற்றிச் சொன்னார். நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

திங்கள்கிழமை ஏழே காலுக்கு நூற்றுப் பதினாலு எரிந்தது. அக்கா ஒரு சொல்லைச் சொன்னார். என்ன சொல் என்பதை அத்தை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. அவள் சொன்ன பதில் மட்டும் எனக்குத் தெரியும்.

"எக்ஸ்சேஞ்ச். நம்பர் சொல்லுங்க."

ஒரு மாதம் அக்கா தினமும் ஒரு சொல் கொடுத்துப் பார்த்தார். தினமும் அதே பதில். அதற்குப் பிறகு அவரும் நம்பர் மட்டும் கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் மூன்று மாடி ஏறி எக்ஸ்சேஞ்ச் அறை வரைக்கும் வந்திருக்கிறார். கதவில் 'அந்நியர் நுழையக் கூடாது' என்று எழுதியிருக்கும். கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. சோடா வாசனை உள்ளே வந்தது. அத்தை ஹெட்போனைக் கழற்றாமல் அந்த நிழலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தட்டினால் திறக்கலாம் என்று இருந்தாளாம். நிழல் தட்டவில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

இப்படி நாலு வருஷம். தினமும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்த நாலு வருஷம். இதற்கிடையில் ஒயர்ப் பலகை போய்ப் பொத்தான் வைத்த மேசை வந்தது. அக்காவின் மகன் வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போனான் என்று யாரோ சொல்லி அத்தை கேள்விப்பட்டாள்.

ஒரு புதன்கிழமை, ஏழே காலுக்கு இல்லாமல் பதினோரு மணிக்கு, நூற்றுப் பதினாலு எரிந்தது.

"சாவி" என்றார் அக்கா.

நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொல். அத்தையின் மனம் அவளைக் கேட்காமலே அதைத் திருப்பிவிட்டது. விசா. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மகன் கூப்பிட்டுவிட்டான். அக்கா போகப் போகிறார். பதில் நுனி நாக்கில் இருந்தது. இரண்டே எழுத்து. அத்தை, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஹோல்ட் பொத்தானை அழுத்தினாள்.

திரும்ப எடுத்தபோது எதிர்முனையில் யாரும் இல்லை.

நூற்றுப் பதினாலுக்கு அவளே அடித்தாள். வேறொரு பெண் எடுத்தாள். "அக்கா இப்பத்தான் கிளம்பிப் போனாங்க மேடம். இன்னிக்கோட வேலை முடியுதே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களே, உங்ககிட்டச் சொல்லலையா?"

அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் எக்ஸ்சேஞ்சை விட்டு எழ முடியாது. இரண்டு மணிக்கு ஆள் வந்ததும் அத்தை படிகளில் ஓடி இறங்கினாள். லாண்டரியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். பெரிய பெரிய யந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா உட்காரும் முக்காலியில் யாரோ துணி மூட்டையை வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனாள். பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் கேட்டதில், உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு அப்படியே விமானம் ஏறுவதாகச் சொன்னார்கள். எந்த உறவு, எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஒன்பது வயது. செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா என்ன என்று கேட்டதற்கு, "அக்கா கூப்பிட்டாங்க. பேசறதுக்குள்ள வேற லைன் அடிச்சிடுச்சு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள கட்டாயிடுச்சு" என்றாள். அதை அவள் பல வருஷம், பல தடவை, அதே வார்த்தைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேற லைன் அடிச்சிடுச்சு. என்ன பண்றது, வேலை அப்படி.

அதன்பிறகு புதிதாக ஒரு நோட்டு வாங்கினாள். சொற்கள் கிடைப்பது நின்றுவிடவில்லை. சமையல் செய்துகொண்டிருப்பாள், திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுவாள். 'விருது'வைத் திருப்பினால், துருவித் துருவிக் கேட்பதில் உள்ள 'துருவி' வரும் என்பதைக் கண்டுபிடித்த அன்று ஒருமாதிரியாகச் சிரித்தாள். "இதைக் கேட்டா அக்கா நாலு நாள் பேச மாட்டாங்க" என்றாள். பிறகு, பேசாமல் இருப்பது யார் என்று நினைவு வந்தவள் போல அடங்கிப்போனாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். வலது பக்கங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. இடது பக்கங்கள் எல்லாம் வெற்று. அங்கே எழுதப்படாத வரிகளுக்கு இங்கே பதில் எழுதியிருந்தாள், பக்கம் பக்கமாக. எதையாவது செய்ய வேண்டும் போலிருக்க, ஒரு வாரம் மண்டையை உடைத்து, இடது பக்கத்துக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அத்தை பொறுமையாகப் படித்தாள். என் தலையைத் தடவினாள்.

"நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா நீ இதுக்குப் பதில் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்கே. அவங்க தெரியாம எழுதுவாங்க."

அத்தை ஓய்வு பெற்றபோது மருத்துவமனையில் பொத்தான் மேசையையும் எடுத்துவிட்டார்கள். பதிவுசெய்த ஒரு குரல், இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்ல ஆரம்பித்தது. அத்தை ஒருநாள் வீட்டிலிருந்து கூப்பிட்டு அதைக் கேட்டாள். "நல்ல குரல்தான். மூக்கை உறிஞ்ச மாட்டேங்குது" என்று சொல்லி வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசியவள் ஓர் இளம்பெண். பழைய புத்தகம் ஒன்றை மறுபதிப்புச் செய்ய நூலாசிரியருக்கு எழுதினோம், அவர் வெளிநாட்டில் இருக்கிறார், கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றாள். "ஏன்னா, இதை எழுதினது ரெண்டு பேர், இன்னொருத்தர் சம்மதிக்காம முடியாதுங்கறாங்க. அந்த இன்னொருத்தரைத் தேடி மருத்துவமனைக்குப் போனோம். அவங்க எழுதியிருந்த பேரு அங்க யாருக்கும் தெரியலை. கடைசியில ஒரு பழைய நர்ஸ்தான் 'ஜீரோவையா கேக்கறீங்க'ன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க."

அத்தை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "சம்மதம் அப்புறம் சொல்றேன். அவங்க நம்பர் இருக்கா?" என்றாள்.

இருபத்து மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடலாம் என்று நேரக் கணக்குப் பார்த்து நான்தான் சொன்னேன். அத்தை காலையிலேயே குளித்து நல்ல உடை உடுத்தித் தயாராக இருந்தாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் அடித்துக் கொடுத்தேன்; நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அக்காவின் மருமகள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "எங்க மாமியாருக்குக் காது அறவே கேக்காதுங்க. மெஷின் வெச்சும் பிரயோஜனமில்லை. நான் போனைக் குடுக்கறேன், அவங்க பேசுவாங்க. நீங்க சொல்றதுதான் அவங்களுக்குக் கேக்காது" என்றாள்.

அத்தையின் முகம் அப்படியே நின்றது. குரலாகவே பழகியவர்கள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் நடுக்கம், கொஞ்சம் அதிகச் சத்தம். மற்றபடி அதே குரல் என்று அத்தை பிறகு சொன்னாள்.

"ஜீரோ, நீதானேம்மா? இவ ஆமாங்கறா. நீ பேசறது எனக்குக் கேக்காது. அதனால நானே பேசிடறேன். அன்னிக்கு மேடையில அந்த வரி உன்னோடதுன்னு சொல்ல எழுந்தேன். எழுந்தப்போ பயமா இருந்தது. அதுதான் உச்சம்னு அவரு சொல்லிட்டாரு. அதையும் உன்கிட்டக் குடுத்துட்டா, எனக்குன்னு என்ன மிச்சம்னு பயம். சின்னத்தனம்தான். உன் பேரைப் போடட்டுமான்னு ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் அதே சின்னத்தனம்தான். இன்னொரு தடவை கேட்டா நீ சரின்னு சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் உன் கதவுகிட்ட வந்தேன். தட்டலை. போன்ல சொல்லலாம்னு கடைசி நாள் கூப்பிட்டேன். நீ வேலையா இருந்தே."

மூச்சு வாங்கினார். அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "அன்னிக்கு வேற எந்த லைனும் அடிக்கலைக்கா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு விளக்குகூட எரியலை. நீங்க காத்திருக்கணும்னுதான் ஹோல்ட்ல போட்டேன். நாலு வருஷம் நான் காத்திருந்தேன், நீங்க ஒரு நிமிஷம் இருங்கன்னு. அவ்வளவுதான். முழுசா ஒரு நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

"ஏதோ சொல்றியா?" என்றது அந்தப் பக்கம். "கேக்கலைம்மா. கடுதாசி போடு. கண்ணு இன்னும் கொஞ்சம் தெரியுது."

மருமகள் விலாசம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தை எழுத அத்தைக்குப் பத்து நாள் ஆனது. கிழித்துப் போட்ட தாள்கள் கூடை நிறைய இருந்தன. கடைசியில் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் போயிற்று. அந்த ஹோல்ட் விஷயம் மூன்றாவது பக்கத்தில் இருந்ததாகச் சொன்னாள். ஐந்து வாரம் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டாள். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகு அந்த வேலை முடிந்துவிடும்.

ஆறாவது வாரம் பதில் வந்தது. எழுத்துகள் ஒன்றொன்றும் பட்டாணி அளவு.

'உன் மூணாவது பக்கத்தை மருமகளைப் படிக்கச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். அந்த ஒரு நிமிஷமும் நான் போனை வைக்கவில்லை. ஹோல்டில் ஏதோ சங்கீதம் வரும் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். வண்டி வந்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்ததால் போனேன். அது போகட்டும். இதைச் சொல்லு. வாடவா? நேராகப் படித்தாலும் அதுவே, திருப்பிப் படித்தாலும் அதுவே. நீ திருப்புவதற்கு ஒன்றுமே வைக்கவில்லை. என்ன செய்வாய் பார்க்கிறேன்.'

அத்தை அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. தட்டில் விரலால் எழுதிப் பார்ப்பாள். பல் தேய்க்கும்போது நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் என்னிடம் ஒரு தாளைக் காட்டினாள். 'வாழவா' என்று ஒரே சொல் இருந்தது. "இதுவும் அப்படித்தான். எப்படிப் படிச்சாலும் வாழவாதான். ரெண்டையும் சேர்த்துப் போட்டுத் திருப்பு" என்றாள். வாடவா வாழவா. திருப்பினேன். வாழவா வாடவா. அவள் முகத்தில் நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு வயது தெரிந்தது. இருபத்து நாலு இருக்கலாம்.

மறுபதிப்பு வந்துவிட்டது. அட்டையில் இரண்டு பெயர்கள். அத்தை அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அவளுக்கு வேண்டியது அது இல்லை போலிருக்கிறது. அக்காவால் பயணம் செய்ய முடியாது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. அத்தைக்கு ரத்த அழுத்தம். டாக்டர் விமானம் வேண்டாம் என்கிறார். "ஒரு தடவை மாடிப்படித் திருப்பத்துல பார்த்தா போதும். அவங்க பாதி, நான் பாதி" என்று சொல்வாள். பாதி என்பது கடலுக்கு நடுவில் வரும் என்று நான் சொல்வதில்லை.

கடிதங்கள் போய்வருகின்றன. ஒவ்வொரு தடவையும் அக்காவின் எழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. பட்டாணி நெல்லிக்காய் ஆயிற்று. இப்போது அதையும் தாண்டிவிட்டது. அவரால் படிக்க முடிய வேண்டும் என்பதால் அத்தையும் பெரிது பெரிதாக எழுதுகிறாள். தடித்த கறுப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறாள். முதலில் பக்கத்துக்கு இருபது வரி போனது. பிறகு பத்து. போன மழைக்காலத்தில் நாலு வரி. எழுத்து பெரிதாக ஆக சொற்கள் குறைகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுக்க நாளாகிறது. சில நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, ஒண்ணைத் தூக்கிட்டு ஒண்ணை வெக்கறேன்" என்பாள்.

நேற்று அனுப்பிய கடிதத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு சொல். ஒன்பது பக்கம். தபால் நிலையத்தில் உறை கனமாக இருக்கிறதே, உள்ளே என்ன என்று கேட்டார்கள். காகிதம்தான் என்றேன். ஒட்டுவதற்கு முன் பார்க்கலாமா என்று அத்தையிடம் கேட்டிருந்தேன். அவள் உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது அவங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.